பிபி நார்மலாகிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 52 வயது. பிபி 160/100 இருந்ததால் எட்டு மாதமாகத் தினமும் அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிடுகிறேன். இப்போது 126/80. சாயங்காலமானால் இரண்டு கணுக்காலும் வீங்குகிறது. தெரிந்தவர் ஒருவர், மாத்திரையை விட்டுவிட்டு மூலிகைப் பொடி சாப்பிட்டால் வேரோடு குணமாகும் என்கிறார். நிறுத்தலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். 126/80 வந்திருப்பது மாத்திரை வேலை செய்வதால்தான். அம்லோடிபின் சிறு ரத்தக்குழாய்களின் தசையைத் தளர்த்தி வைக்கிறது. மருந்து போனதும் தசை மறுபடி இறுகும்.

பொடி விற்பவர்களுக்குக் கைகொடுப்பதும் இதே மருந்துதான். உடம்பிலிருந்து இதில் பாதி வெளியேறவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். திங்கட்கிழமை மாத்திரையை விட்டுப் பொடியைத் தொடங்கினால் புதன்கிழமை பிபி அளவு பெரிதாக மாறியிருக்காது. "பார்த்தீர்களா, பொடியின் மகிமை!" என்பார்கள். உள்ளே மிச்சமிருக்கும் மாத்திரைக்குப் பொடி பெயர் வாங்கிக்கொள்கிறது. அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் அழுத்தம் ஏறும், பெரும்பாலும் தலைவலிகூட இல்லாமல். என்ன கலந்திருக்கிறது என்று உறையில் எழுதாத பொடியைத் தொடவே தொடாதீர்கள். அதிமதுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: தொடர்ந்து அதிகம் சாப்பிட்டால் உப்பை உடம்பில் தேக்கிப் பிபியை ஏற்றிவிடும்.

வீக்கத்துக்கு வருவோம். இந்த மருந்து தமனிகளை விரிக்கும் அளவுக்குச் சிரைகளை விரிப்பதில்லை. ரத்தம் வரும் வழி அகலம், திரும்பும் வழி குறுகல். நீர் கசிந்து கணுக்காலில் தேங்குகிறது. இதற்கு நீர் மாத்திரை அதிகம் உதவாது. அம்லோடிபினை 2.5 மி.கி. ஆகக் குறைத்து டெல்மிசார்டான் போன்ற வேறொரு பிபி மருந்தைச் சேர்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்; அந்த வகை சிரைகளையும் தளர்த்துவதால் வீக்கம் பெரும்பாலும் வடியும். சீட்டு எழுதும்போதே சொல்லியிருக்க வேண்டிய இரண்டு வரி இது. ஆளுக்கு மூன்று நிமிடம் என்று ஓடும் மருத்துவத்தில் அதைச் சொல்ல ஆளில்லை. அந்த இடைவெளியில்தான் பொடிக்காரர் நுழைகிறார்.

இன்னொன்று. வீட்டில் யாராவது அட்டெனலால், மெட்டோப்ரொலால், குளோனிடின் என்ற பிபி மாத்திரைகளில் ஒன்றைச் சாப்பிட்டால், அதை ஒரே நாளில் விடவே கூடாது. அம்லோடிபினைப் போல இவை நிதானமாக விலகுவதில்லை. குளோனிடினை விட்டால் ஓரிரு நாளில் பிபி பழைய அளவையும் தாண்டிப் பாயலாம். மற்ற இரண்டிலும் துடிப்பு எகிறி நெஞ்சுவலி, இதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்புகூட வரலாம். பயணத்தில் எடுத்துப்போக மறந்ததும் நிறுத்தியதுதான். அட்டை தீர்ந்து நான்கு நாள் வாங்காததும் நிறுத்தியதுதான். குறைப்பதென்றால் டாக்டர் சொல்படி, படிப்படியாக.

மாத்திரையைக் குறைக்க ஆசையிருந்தால், எடையையும் உப்பையும் முதலில் குறையுங்கள். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். பிறகு ஏழு நாள் வீட்டில் பிபியை அளந்து எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கு முன், மாலையில் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு அளவு. ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில், கை இதய மட்டத்தில் மேசைமேல், கருவியின் பட்டை வெறும் தோலில். முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டுச் சராசரி பாருங்கள். அது 135/85க்கு நன்றாகக் கீழே இருந்தால், அந்தத் தாளைக் காட்டிக் குறைப்பதைப் பற்றிக் கேளுங்கள்.