வீடு வாங்கினப்புறம் வந்த சொத்து வரி நோட்டீஸ்: முதல்ல ரசீதுல எந்த அரையாண்டுன்னு பாருங்க

பெரம்பூர்ல 2023 ஆகஸ்ட்ல தனி வீடு வாங்கின வாசகர் ஒருத்தர் நாலு பக்கத்துக்கு எழுதி அனுப்பியிருக்கார். சுருக்கி சொல்றேன். கீழ 700 சதுர அடி, மாடில 450. வித்த பெரியவர் இப்ப கோயம்புத்தூர்ல மகள் வீட்டோட போயிட்டார். ரிஜிஸ்டர் ஆஃபீஸ் வாசல்ல வச்சு "ஒன்றரை வருஷ வீட்டு வரி பாக்கி நிக்குது தம்பி, அடுத்த மாசம் கட்டிடறேன்"னு சொல்லியிருக்கார், கட்டல. இவர் வாங்கினதுல இருந்து அரையாண்டுக்கு 3,500 ரூபா தவறாம கட்டியிருக்கார், மூணு தடவை. 2025ல மாநகராட்சில இருந்து நோட்டீஸ். மாடிய இதுவரைக்கும் கணக்குலயே காட்டல, அதனால 2019 ஏப்ரல்ல இருந்து 2025 மார்ச் வரைக்கும் மாடிக்கு 19,800, கீழ்த்தளத்துக்கு 3 அரையாண்டு பாக்கி 10,500, ஆக 30,300, வட்டி தனி. "கட்டின வரியையே கட்டலங்கறாங்க, மாநகராட்சி மேல கேஸ் போடலாமா, சாமி படத்துக்கு முன்னாடி நின்னு சொன்ன மனுஷன் இப்படி ஏமாத்தினதுக்கு போலீஸ்ல கொடுக்கலாமா"ன்னு கேக்கறார்.

சார், போலீஸ் வேண்டாம். பத்திரம் பதிஞ்சு வீடு உங்க கைக்கு வந்தாச்சு, வரி பாக்கிக்காக மோசடி புகார் கொண்டு போனா "சிவில் மேட்டர், கோர்ட்டுக்கு போங்க"ன்னு ஸ்டேஷன்ல ஒரே வரியில முடிச்சிடுவாங்க. சாமி படம், புரோக்கர் கமிஷன், பெரியவரோட மருமகன் போன்ல பேசின தோரணை, அந்த ரெண்டரை பக்கத்தையும் நான் தள்ளி வச்சுட்டேன். வலிக்கும்னு தெரியும், ஆனா அதுல எதுவும் உங்களுக்கு பத்து ரூபா திருப்பி வாங்கித் தராது.

நீங்க அனுப்பின மூணு ரசீதையும் பெருசாக்கி பார்த்தேன். நீங்க தொகைய மட்டும் தான் பார்த்திருக்கீங்க. தொகைக்கு மேல சின்ன எழுத்துல காலம்னு ஒரு வரி இருக்கு பாருங்க. 2023 நவம்பர்ல கட்டின ரசீதுல 2022-23 முதல் அரையாண்டுன்னு இருக்கு. 2024 மே ரசீதுல 2022-23 ரெண்டாம் அரையாண்டு. 2024 நவம்பர் ரசீதுல 2023-24 முதல் அரையாண்டு. புரியுதா? நீங்க கட்டின மூணும் பெரியவரோட பாக்கிக்கு போய் உக்காந்திடுச்சு. பழைய பாக்கி இருந்தா வர்ற பணத்தை முதல்ல அதுல தான் கழிப்பாங்க, கவுன்டர்ல கட்டினாலும் ஆன்லைன்ல கட்டினாலும். அதனால தான் 2023 அக்டோபர்ல இருந்து 2025 மார்ச் வரைக்கும் உங்க காலம் மூணும் காலியா நிக்குது. நோட்டீஸ் தப்பு இல்ல. நீங்க அவரோட கடன கட்டியிருக்கீங்க, இது தான் உங்க கேஸ், வேற எதுவும் இல்ல.

சட்டம் உங்க பக்கம் தான். சொத்துரிமை மாற்றச் சட்டம் 1882, பிரிவு 55ல விக்கிற தேதி வரைக்கும் சேர்ந்த பொது வரிகள கட்ட வேண்டியது வித்தவர்னு இருக்கு, அப்புறம் வர்றது வாங்கினவர் பொறுப்பு. இன்னொருத்தர் கட்ட வேண்டிய பணத்த உங்க சொத்த காப்பாத்திக்க நீங்க கட்டினா அவர்கிட்ட திருப்பி வாங்கலாம்னு ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 69 சொல்லுது. ஆக அந்த 10,500 கேள்வியே இல்லாம அவர் தரணும்.

மாடி விஷயம் அவ்ளோ சுலபம் இல்ல. 2019ல இருந்து 2022 மார்ச் வரைக்கும் அரையாண்டுக்கு 1,200, அப்புறம் 2,100. இது ஏன் ஏறிச்சுன்னும் கேட்டிருக்கீங்க. 2022 ஏப்ரல்ல பொது சீராய்வு வந்துச்சே, சென்னையோட பழைய பகுதில 601ல இருந்து 1,200 சதுர அடி வரைக்கும் உள்ள வீட்டுக்கு 75 சதவீதம் ஏத்தினாங்க, அது தான். இதுல 2023 செப்டம்பர் வரைக்கும் உள்ள 13,500 பெரியவர் காலம், மிச்சம் 6,300 உங்க காலம், அத யார்கிட்டயும் கேக்க முடியாது. ஆனா அந்த 13,500க்கு எதிர்த்தரப்பு வக்கீல் என்ன சொல்வார்னா, விக்கிற அன்னிக்கு இப்படி ஒரு டிமாண்டே இல்ல, 2025ல போட்ட வரிக்கு 2023ல வித்தவர் எப்படி பொறுப்புன்னு வாதாடுவார், அது லேசுப்பட்ட வாதம் இல்ல. இங்க தான் உங்க பத்திரம் பேசணும். உங்க கிரயப் பத்திரத்துல 4ம் பக்கத்துல "மேற்படி சொத்து சம்பந்தமாக பின்னிட்டு ஏதேனும் பாக்கிகளோ வில்லங்கமோ ஏற்பட்டால் நானே முன்னின்று என் சொந்த செலவில் தீர்த்துக் கொடுக்க கடமைப்பட்டவன்"னு இருக்கு. பாக்கிகளோன்னு ஒரு வார்த்தை விழுந்திருக்கு, எழுதின ரைட்டருக்கு நன்றி சொல்லுங்க. நிறைய பத்திரத்துல வில்லங்கம்னு மட்டும் போட்டு விட்டுடறாங்க. மாடி அவர் காலத்துலயே இருந்துச்சுன்னு காட்ட பத்திரத்தோட சொத்து விவரமும், மாடிக்கு தனி ஈபி கனெக்‌ஷன் வாங்கின தேதியும் போதும்.

வில்லங்க சான்று 30 வருஷத்துக்கு போட்டு பார்த்தேனே சார், அதுல எதுவும் வரலயேன்னு எழுதியிருக்கீங்க. வராது. ஈசில பதிவான பத்திரம் தான் வரும், வரி பாக்கி வராது.

மாநகராட்சி மேல கேஸ்ங்கறத பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா ஆபத்து இங்க தான். யாரோ உங்களுக்கு 1971ல உச்ச நீதிமன்றம் கொடுத்த அகமதாபாத் மாநகராட்சி தீர்ப்ப அனுப்பியிருக்காங்க. நல்ல தீர்ப்பு தான். பாக்கி இருக்கிறது தெரியாம காசு கொடுத்து வாங்கினவர் சொத்து மேல அந்த பாக்கிக்காக கை வைக்க முடியாதுன்னு, அதே சொத்துரிமை மாற்றச் சட்டத்தோட பிரிவு 100 வச்சு சொன்னது. ஆனா அதுல உயிரே "தெரியாம"ங்கற வார்த்தைல இருக்கு. நீங்களோ பெரியவர் ஒன்றரை வருஷ பாக்கி இருக்குன்னு முன்னாடியே சொன்னார்னு எனக்கும் எழுதியிருக்கீங்க, மண்டல அலுவலகத்துக்கு கொடுத்த மனுலயும் முதல் பாராலயே எழுதியிருக்கீங்க. அந்த பாராவோட அந்த தீர்ப்பு உங்களுக்கு முடிஞ்சு போச்சு.

என்கிட்ட வந்த ஒரு கிளையன்ட் இதே மாதிரி தான். மாநகராட்சிய விட மாட்டேன்னு மனு மேல மனு, அப்புறம் ரிட், கிட்டத்தட்ட மூணு வருஷம். கடைசில வரிய கட்டச் சொல்லி தான் முடிஞ்சுது, அதுக்குள்ள மாசத்துக்கு 1 சதவீத வட்டி சேர்ந்துகிட்டே போச்சு. சரி வித்தவர்கிட்ட வாங்கலாம்னு திரும்பி பார்த்தா அவர் இறந்து நாலு மாசம் ஆகியிருந்துச்சு. பசங்க "அப்பா கணக்கு எங்களுக்கு தெரியாது"ன்னாங்க. அத விட மோசம், ஆரம்பத்துல அவர் கட்டின பணத்துக்கு காலக்கெடுவே தாண்டிப் போச்சு. அந்த மனுஷன் என் முன்னாடி நாற்காலில உக்காந்து ஃபைல மூடி மூடி திறந்ததை நான் மறக்கல, அதனால தான் உங்களுக்கு இவ்ளோ நீளமா எழுதறேன்.

அடுத்தவர் கடன கட்டினா, கட்டின தேதில இருந்து 3 வருஷத்துக்குள்ள தான் திருப்பிக் கேட்டு வழக்கு போட முடியும். உங்க முதல் ரசீது 2023 நவம்பர். அதுக்கு கெடு 2026 நவம்பர்ல முடியுது. நோட்டீஸ் வந்த தேதில இருந்து எண்ணிட்டு உக்காந்திருக்காதீங்க. பெரியவர் வாட்ஸ்அப்ல "தந்துடறேன்"னு வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கார்னு தைரியமா இருக்கீங்க, கெடுவ நீட்டணும்னா கடன ஒத்துக்கிட்டு எழுத்துல கையெழுத்து போட்டு இருக்கணும், அதுவும் கெடு முடியறதுக்கு முன்னாடி. குரல் அதுக்கு ஆகாது.

இன்னொன்னு, நீங்க வீட்டு வரில பேரே மாத்தல. மூணு ரசீதும் பெரியவர் பேர்ல தான் வந்திருக்கு. நாளைக்கு அவர் மகன் கோர்ட்ல "ரசீது எங்கப்பா பேர்ல இருக்கு, எங்கப்பா தான் கட்டினார்"னு நின்னா என்ன செய்வீங்க? முதல் ரெண்டும் உங்க அக்கவுன்ட்ல இருந்து போயிருக்கு, பிழைச்சீங்க. மூணாவது உங்க மச்சான் போய் கவுன்டர்ல ரொக்கமா கட்டினது. அந்த 3,500ஐ இப்பவே மனசுல இருந்து கழிச்சிடுங்க.

இப்ப செய்ய வேண்டியது. மாடி 450 சதுர அடின்னு தான் போட்டிருக்காங்களா, குடியிருப்புன்னு தான் போட்டிருக்காங்களான்னு மட்டும் பாருங்க, தப்பு இருந்தா நோட்டீஸ்ல சொன்ன நாளுக்குள்ள ஆட்சேபணை கொடுங்க. இல்லன்னா முழுசையும் கட்டிடுங்க, உங்க அக்கவுன்ட்ல இருந்து மட்டும், வட்டிய வளர விடாதீங்க. பாக்கி தீர்ந்த உடனே பெயர் மாற்றத்துக்கு போடுங்க.

அப்புறம் பெரியவர். கணக்குப்படி அவர் தர வேண்டியது 24,000. இதுக்கு கோயம்புத்தூர்ல இருக்கிறவருக்கு சம்மன் அனுப்பி, வாய்தா வாய்தாவா அலைஞ்சு, எனக்கு ஃபீஸும் கொடுத்தா உங்களுக்கு மிஞ்சாது, வக்கீலா இருந்துகிட்டே சொல்றேன். ஒரு வக்கீல் நோட்டீஸ் மட்டும் அனுப்புங்க, கூடவே ரசீது நகலும் பத்திரத்தோட அந்த பக்கமும். அப்புறம் நீங்களே நேர்ல போய் பேசுங்க, மருமகன்கிட்ட இல்ல, பெரியவர்கிட்ட. 17, 18 ஆயிரம் தர்றேன்னா வாங்கிக்கோங்க. இழுத்தா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுல வழக்குக்கு முந்தின மனுவா கொடுங்க, கோர்ட் கட்டணம் கிடையாது, லோக் அதாலத்துல சமரசம் ஆனா அது கோர்ட் தீர்ப்பாணை மாதிரி தான், அப்பீலும் கிடையாது.

தவணையா தர்றேன்னு சொன்னா தாராளமா ஒத்துக்கோங்க, ஆனா மொத்த தொகையும் எந்த சொத்துக்கான வரின்னும் ஒரு தாள்ல எழுதி தேதியோட கையெழுத்து வாங்கிடுங்க. சாட்சி கையெழுத்து அவர் மகள்கிட்டயே வாங்குங்க.