கேள்வி - பதில்: இரண்டு சாரதாக்கள்

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, 'கேளடி கண்மணி' ராதிகாவைப் போல ஒரு டீச்சர் எனக்கு வாய்க்கவில்லையே என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ராதிகாவைப் பற்றித்தான். சரி, இந்த இதழ் முழுக்க அவருக்கே.

ராதிகாவை முதன்முதலில் எந்தப் படத்தில் பார்த்தீர்கள்? நினைவிருக்கிறதா?
*வாசகி, தேனி*

நேற்றுப் பார்த்தது போல நினைவிருக்கிறது. என் அப்பா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். கொட்டகையில் ஒரே புரொஜெக்டர்தான். அதனால் ரீல் மாற்ற மாற்ற மூன்று நான்கு இடைவேளை வரும். 'கிழக்கே போகும் ரயில்' 1978-ல் வெளிவந்தது. எங்கள் ஊருக்குப் பெட்டி வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் எத்தனையோ ஊர் ஓடிவந்த பிரிண்ட் அது. படம் முழுக்க மழை பெய்கிற மாதிரி கோடு விழுந்தது. எனக்கு அப்போது பத்து வயது. தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தேன்.

அந்தப் படத்தில் பாஞ்சாலியும் பரஞ்சோதியும் ரயிலின் கடைசிப் பெட்டியில் எழுதித்தான் சேதி அனுப்பிக்கொள்வார்கள். பாஞ்சாலி தண்டவாளத்துப் பக்கமாக ஓடி வந்து அந்த எழுத்தைத் தேடுகிற முகம் இருக்கிறதே, அது நடிப்பு என்றே எனக்குத் தோன்றவில்லை. எங்கள் பக்கம் மதுரை - போடி ரயில் ஓடும். மறுநாள் நானும் என் சிநேகிதியும் கரித்துண்டை எடுத்துக்கொண்டு தண்டவாளத்துக்குப் போய்விட்டோம். ரயில் நிற்கவில்லை. கடைசிப் பெட்டி கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டே நின்றோம்.

வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த, பதினாறு வயது ஒட்டிய ஒரு பெண் அந்தப் பாஞ்சாலியாக நடித்தார் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். தெரிந்தபோது அப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பவே இல்லை.

எம்.ஆர்.ராதாவின் மகள் என்பதால் அவருக்கு எல்லாம் எளிதாகக் கிடைத்துவிட்டது என்கிறார் என் கணவர். உங்கள் கருத்து?
*வாசகி, விருதுநகர்*

கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அப்பா பெயர் முதல் படத்துக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கலாம். ஆனால் எம்.ஆர்.ராதா 1979-ல் காலமானார். மகளின் முதல் படம் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதன் பிறகு வந்த நாற்பது சொச்ச வருஷத்தையும் எந்த அப்பா பெயரும் தாங்கியிருக்க முடியாது.

அப்பாவிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது குரலை என்று எனக்குத் தோன்றும். எம்.ஆர்.ராதாவின் குரலை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். மகளுடையதும் அப்படித்தான். கொஞ்சம் கரகரத்த, அடித்தொண்டையில் இருந்து வருகிற குரல். கதாநாயகி என்றால் கிளி மாதிரி கீச்சென்று பேச வேண்டும் என்றிருந்த காலத்தில் அந்தக் குரலை மாற்றிக்கொள்ளாமலே நின்றார். 'முதல் மரியாதை'யில் கதாநாயகி ராதாவுக்குக் குரல் கொடுத்தது ராதிகாதான். 1985-ல் வந்த படம். டைட்டிலை யார் படித்தார்கள்? அப்பா மட்டும் புரொஜெக்டர் ரூம் ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டு வந்து, "மொகந்தான் வேற, பேசுறது நம்ம பாஞ்சாலி" என்றார். எங்கள் கொட்டகை ஸ்பீக்கர் ஓரம் கிழிந்தது. அதில் பாதிப் பேர் பேசுவது புரியாது. அந்தக் குரல் மட்டும் கடைசி வரிசை வரை போய்ச் சேர்ந்தது.

மற்ற மொழிப் படங்களில் அவர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லையே?
*வாசகர், ஓசூர்*

ஓசூரில் இருந்துகொண்டா இப்படிக் கேட்கிறீர்கள்? பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரரிடம் 'ஸ்வாதி முத்யம்' பற்றி விசாரித்துப் பாருங்கள். கே.விஸ்வநாத் இயக்கி, கமல்ஹாசனோடு ராதிகா நடித்தது. இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பப்பட்ட படம். தமிழில் 'சிப்பிக்குள் முத்து' என்று பார்த்திருப்பீர்கள். சின்ன மகனோடு நிற்கும் இளம் விதவை. அழ நிறைய இடமிருந்தும் குறைவாகவே அழுவார். அதே 1986-ல் இந்தியில் ரிஷி கபூரோடு 'நஸீப் அப்னா அப்னா'. தமிழில் 'கோபுரங்கள் சாய்வதில்லை'யில் சுஹாசினி செய்த வேடம். தூக்கி நிற்கும் அந்தச் சடையோடு வந்த ராதிகாவை வடக்கே இன்றைக்கும் மறக்கவில்லை.

நடிகையாக இருந்தவர் எப்படித் தயாரிப்பாளர் ஆனார்? கூட இருந்தவர்கள் தூண்டியிருப்பார்களோ?
*வாசகர், கரூர்*

ஒரு பெண் தானாகவே யோசித்துத் தொழில் தொடங்கியிருக்கக் கூடாதா, ஐயா? பிரதாப் போத்தன் முதன்முதலாக இயக்கிய 'மீண்டும் ஒரு காதல் கதை'யைத் தயாரித்தவர் ராதிகா. 1985-ல் வந்தது. இயக்குநரின் முதல் படத்துக்குக் கொடுக்கிற தேசிய விருது அதற்குக் கிடைத்தது. தயாரிப்பாளர் என்ற முறையில் அவருக்கும் அதில் பங்கு. அப்போது அவருக்கு இருபதுகளின் தொடக்கம். கதாநாயகியாகக் கால்ஷீட் நிரம்பி வழிந்த நேரம் அது. வாய்ப்பு குறைந்ததால் தயாரிக்கப் போனவர் இல்லை அவர்.

1994-ல் ராடான் என்ற சொந்தத் தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். நம் சினிமாவில் முப்பது தாண்டிய நடிகைக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நேற்று ஜோடியாக ஆடியவருக்கு இன்று அண்ணி, நாளை அம்மா. போன் வருமா என்று பார்த்துக்கொண்டே பல நல்ல நடிகைகள் காணாமல் போனார்கள். ராதிகா போனுக்குக் காத்திருக்கவில்லை. நான் அவரை இத்தனை மதிப்பதற்கு முதல் காரணமே இதுதான்.

அது சும்மா கிடைத்ததும் இல்லை. அன்றைக்கு நெடுந்தொடர் எடுப்பவர் ஒளிபரப்பு நேரத்துக்காகச் சேனலுக்கு ஸ்லாட் பணம் கட்ட வேண்டும். பதிலுக்கு விளம்பர நேரத்தில் ஒரு பங்கு கிடைக்கும். அந்த நிமிடங்களை விற்றுத்தான் படப்பிடிப்புச் செலவு, சம்பளம், பேட்டா எல்லாம். கதை பிடிக்காமல் போனால் நஷ்டம் தயாரிப்பாளர் தலையில். பகலில் கேமரா முன்னால் அழுதுவிட்டு, இரவில் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

'சித்தி' ஒளிபரப்பான காலத்தில் நான் பிறக்கவே இல்லை. அம்மாவும் பாட்டியும் இன்னும் அதையே பேசுகிறார்கள். அப்படி என்னதான் இருந்தது?
*கல்லூரி மாணவி, தஞ்சாவூர்*

1999 டிசம்பரில் தொடங்கி 2001 நவம்பர் வரை, சன் டி.வி.யில் இரவு ஒன்பதரைக்கு. அப்போது நான் மதுரையில் ஒரு எஸ்.டி.டி. பூத் நடத்திக்கொண்டிருந்தேன். இரவில் கட்டணம் குறையும் என்பதால் ராத்திரிதான் எங்களுக்கு வியாபாரம். 'சித்தி' வந்த பிறகு ஒன்பதரையிலிருந்து பத்து வரை மீட்டர் ஓடவே ஓடாது. நித்யஸ்ரீ மகாதேவன் பாடிய 'கண்ணின் மணி' மட்டும் வரிசையாக ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வரும். கடைசி வீட்டில் டி.வி. கிடையாது. அந்த வீட்டு அம்மா எதிர்வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பார்.

பத்து மணி அடித்ததும் பூத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். கோயம்புத்தூரில் இருக்கும் தங்கைக்கு, திருநெல்வேலியில் இருக்கும் மகளுக்கு. "பாத்தியாடி?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். கண்ணாடிக் கதவுக்குள் நின்று அவர்கள், தொடரில் ராதிகா நடித்த சாரதாவைப் பற்றி ஆரம்பித்து, மூன்றாவது நிமிடத்தில் தங்கள் வீட்டுக் கதைக்கு வந்துவிடுவார்கள். மாமியார் சொன்னது, நாத்தனார் செய்தது, புருஷன் கேட்காமல் விட்டது எல்லாம். நேரடியாகச் சொல்ல முடியாததைச் சொல்ல அவர்களுக்குச் சாரதா வழிவிட்டார். நான் கேட்கக் கூடாதென்று ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வேன்.

அந்தப் பெயரையும் கவனியுங்கள். சித்தி என்றால் அம்மாவின் தங்கை. சித்தி என்றால் மாற்றாந்தாயும்தான். முதல் சித்தி மடியில் வைத்துக்கொள்வாள், இரண்டாவது சித்தி சோறு போட மாட்டாள் என்று கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த ஒரு சொல்லுக்குள் இருந்த பயத்தைச் சாரதா கொஞ்சமாவது துடைத்தார். சிவகுமார் போன்ற பெரிய நடிகர் சின்னத்திரைக்கு வந்ததும் இந்தத் தொடருக்கு ஒரு கௌரவம் கொடுத்தது. தெலுங்கில் இது 'பின்னி'. அங்கேயும் இதே கதைதான் நடந்தது.

நெடுந்தொடர்கள் பெண்களைக் கெடுத்துவிட்டன என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா? அதற்கு ராதிகாவும் ஒரு காரணம் இல்லையா?
*வாசகர், சேலம்*

பாதி ஒப்புக்கொள்கிறேன். 'வாணி ராணி' 2013-லிருந்து 2018 வரை ஓடியது. ஆயிரத்து எழுநூறு எபிசோடுக்கு மேல். எந்தக் கதைக்கும் அவ்வளவு நீளம் தாங்காது. ஒரே அதிர்ச்சிக்கு ஐந்து முகத்தை மாறி மாறிக் காட்டுவதும், ஒரு பெண்ணை இன்னொரு பெண்ணே விஷம் வைத்துக் கெடுப்பதும் எனக்குச் சலித்துவிட்டது. நடுவில் ஒரு வருஷம் நான் பார்க்கவே இல்லை.

ஆனால் பெண்கள் கெட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பகல் முழுக்க வேலை செய்தவர் அரை மணி நேரம் உட்காருவதைப் பார்த்து எரிச்சல்படுகிறவர்களே அப்படிப் பேசுகிறார்கள். அப்புறம், 'வாணி ராணி'யில் ராதிகாவுக்கு இரட்டை வேடம். வாணி வக்கீல். ராணி வீட்டைக் கட்டிக் காப்பவர். கோர்ட்டுக்குப் போகிற அக்காவையும் அடுப்படியில் நிற்கிற தங்கையையும் ஒரே முகத்தில் தினமும் பார்த்தபோது, இரண்டில் எதுவும் மட்டமில்லை என்று என் மகளுக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எங்கள் வயதுக்காரர்களுக்கு அவர் விஜய் சேதுபதியின் அம்மா. பழைய படங்களில் ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால் எது?
*மாணவர், திருச்சி*

'நானும் ரௌடிதான்', 'தர்மதுரை' இரண்டையும் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன் தம்பி. முதல் படத்தில் போலீஸ், இரண்டாவதில் கிராமத்துப் பாண்டியம்மா. இரண்டுமே நல்ல வேடங்கள்தான்.

ஊர்ப்பாசத்தில் 'கிழக்குச் சீமையிலே' என்று சொல்லத் தோன்றுகிறது. எங்கள் பக்கத்துப் பேச்சை விருமாயியாக அவர் பேசியபோது என் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். ஆனாலும் ஒன்றே ஒன்று என்றால் 'கேளடி கண்மணி'. 1990, வசந்தின் முதல் படம். அதிலும் அவர் பெயர் சாரதாதான். காது கேளாத, வாய் பேச முடியாத பெற்றோரின் ஒரே மகள். மனைவியை இழந்தவரைக் கட்டிக்கொள்ள நினைக்கிறார். அவருடைய சின்ன மகள் வேண்டாம் என்கிறாள். சாரதா விலகிப் போகிறார். ஒரு சிறுமிக்குச் சித்தி ஆக முடியாமல் போன அந்தச் சாரதா, ஒன்பது வருஷம் கழித்துச் சின்னத்திரையில் சித்தியாகவே வந்தார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

'மண்ணில் இந்தக் காதலன்றி' பாட்டில் எல்லோரும் எஸ்.பி.பி.யின் மூச்சையே கவனிப்பார்கள். நீங்கள் ஒருமுறை பக்கத்தில் இருந்து கேட்பவரைக் கவனியுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். 2020-ல் 'கோடீஸ்வரி' நிகழ்ச்சியை ராதிகா நடத்தியபோது, காது கேளாத, வாய் பேச முடியாத ஒரு பெண் ஒரு கோடி ரூபாய் வென்றார். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் வந்ததும் எதிரே உட்கார்ந்திருந்த ராதிகாவின் முகத்தைப் பார்த்தேன். முப்பது வருஷத்துக்கு முந்தைய சாரதா டீச்சர் எனக்கு அப்படியே தெரிந்தார்.