முதல் வரிசையில் இருக்கும் சட்ட நிறுவனம்தான் வேண்டுமா?

கேள்வி: சூரிய மின் நிலையம் ஒன்றை அமைக்க இருக்கிறோம். செலவில் பெரும்பகுதி வங்கிக் கடன். இரண்டு சட்ட நிறுவனங்களிடம் பேசினோம். ஒன்று, புராஜெக்ட் ஃபைனான்ஸில் (திட்டத்தின் வருமானத்தை நம்பித் தரும் கடன்) சட்ட நிறுவனங்களை மதிப்பிடும் சேம்பர்ஸ் தரவரிசையின் முதல் பேண்டில், அதாவது மேல்நிலைப் பிரிவில், இருக்கிறது, விருதும் வாங்கியிருக்கிறது, கட்டணம் அதிகம். மற்றது எந்தப் பட்டியலிலும் இல்லை. யாரை அமர்த்துவது?

பதில்: அந்த அங்கீகாரத்தைச் சந்தேகிக்க வேண்டாம். யாருக்காக வேலை பார்த்து அதை வாங்கினார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

இந்த வகைக் கடனில் வங்கிக்கு ஒரு வழக்கறிஞர், உங்களுக்கு ஒரு வழக்கறிஞர். கடன் பொதுவாக உங்கள் தாய் நிறுவனத்தின் மேல் முழுதாக விழாது. முக்கியமாக, திட்டத்துக்கென்று தொடங்கிய தனி நிறுவனத்தின் வருமானத்திலிருந்துதான் வங்கிக்குப் பணம் திரும்ப வேண்டும். அதனால் வங்கியின் வழக்கறிஞர் ஓட்டை ஒவ்வொன்றையும் அடைத்துக்கொண்டே வருவார். ஓர் உதாரணம்: நடத்தும் செலவு போக மிஞ்சும் பணம் தவணையைப் போல 1.20 மடங்குக்குக் கீழே இறங்கினால் ஈவுத்தொகை எடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருக்கும். வெயில் குறைந்த ஓர் ஆண்டு வந்தால், தவணையை ஒழுங்காகக் கட்டியும் மிச்சப் பணம் கணக்கிலேயே முடங்கும். அந்த 1.20-ஐ 1.10 ஆக்கப் போராடுவதும், குறைந்தால் கூடுதல் மூலதனம் போட்டுச் சரிசெய்ய வாய்ப்புக் கேட்பதும் உங்கள் வழக்கறிஞரின் வேலை. பல ஆண்டுகளாக வங்கிகளுக்கே எழுதிப் பழகியவருக்கு அந்த வாசகம் உறுத்தாமலே போகலாம். தரவரிசைப் பட்டியலில் பல இடங்களில் வங்கிக்கு வேலை பார்ப்பவர்களும் கடன் வாங்குபவருக்கு வேலை பார்ப்பவர்களும் ஒரே தலைப்பின்கீழ்தான் வருகிறார்கள்.

பட்டியல் எப்படித் தயாராகிறது என்பதையும் பாருங்கள். சேம்பர்ஸ், லீகல் 500, ஐஎஃப்எல்ஆர் 1000 ஆகிய மூன்று தரவரிசைகளிலும், செய்த வேலைகளைச் சட்ட நிறுவனமே எழுதி அனுப்புகிறது, வாடிக்கையாளர் பெயர்களையும் தருகிறது. ஆய்வாளர்கள் அவர்களிடம் விசாரிக்கிறார்கள். தரவரிசையில் இடத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது. இலச்சினையையும் விரிவான அறிமுகப் பக்கத்தையும் வாங்கலாம். பெரிய நிறுவனங்களில் செய்த வேலைகளை எழுதி அனுப்பவே தனி ஆட்கள் உண்டு. சிறிய நிறுவனத்தில் வழக்கறிஞரே இரவில் கண்விழித்து எழுத வேண்டும். பலர் அந்தப் பக்கமே போவதில்லை. ஆகவே பட்டியலில் இல்லாததைக் குறையாக எண்ண வேண்டாம்.

‘ஆண்டின் சிறந்த ஒப்பந்தம்’ போன்ற விருதுகள் ஒப்பந்தத்துக்கானவை. கடன் தந்தவர், வாங்கியவர், கட்டுமான ஒப்பந்ததாரர், மின்சாரம் வாங்குபவர் என்று ஒவ்வொருவருக்கும் ஆலோசனை சொன்ன நிறுவனங்கள் எல்லாமே அதே கோப்பையைத் தங்கள் தளத்தில் வைத்துக்கொள்ளும். ஆலோசனை சொன்ன ஒப்பந்தங்களின் தொகையைக் கூட்டி நிறுவனங்களை வரிசைப்படுத்தும் லீக் டேபிள்களை நான் பார்ப்பதே இல்லை. ஒப்பந்தத்தின் முழுத் தொகையும் ஒவ்வோர் ஆலோசகர் கணக்கிலும் ஏறுவதால், பிரம்மாண்டமான ஒரே திட்டம் ஒருவரை உச்சியில் உட்கார வைத்துவிடும்.

இரு நிறுவனங்களிடமும் கேளுங்கள்: கடந்த 3 ஆண்டுகளில், உங்கள் அளவுள்ள எத்தனை திட்டங்களைக் கடன் வாங்குபவர் பக்கம் நின்று ஃபைனான்ஷியல் க்ளோஸ் (ஒப்பந்தங்கள் கையெழுத்தாகி, கடன் பணத்தை எடுக்கத் தயாராகும் கட்டம்) வரை கொண்டு சேர்த்தார்கள்? பட்டியலில் பெயர் வந்த அந்த மூத்தவர் உங்கள் கோப்பில் உட்காருவாரா, கையெழுத்தன்று மட்டும் வருவாரா? நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் வங்கி அவர்களின் நிரந்தர வாடிக்கையாளரா?

பல நாட்டு வங்கிகள் சேர்ந்து தரும் கடன் என்றால் பெயர் பெற்ற நிறுவனத்துக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தம் உண்டு. ஒப்பந்தம் சட்டப்படி செல்லும் என்று அவர்கள் எழுதித் தரும் சட்டக் கருத்துரையை வங்கிகள் அதிகம் துருவாமல் ஏற்றுக்கொள்ளும். ஒரே வங்கி என்றால், மேலே கேட்டவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் இரண்டாவது நிறுவனத்தையே நான் எடுப்பேன்.

கட்டணத்தை ஒப்பிடும்போது இன்னொன்றும் கணக்கில் வரட்டும். வங்கியின் வழக்கறிஞருக்கான தொகையும் வழக்கமாக உங்கள் தலையில்தான் விழும். கடன் நிபந்தனைத் தாளில் கையெழுத்துப் போடும் முன்பே அதற்கு ஓர் உச்சவரம்பு கேளுங்கள். போட்ட பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.