மேசைமேல் ஒரு லாரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் சிறு அளவு லாரிகளை உருவாக்கும் பொழுதுபோக்கைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: லாரி கிட் வாங்கச் சென்றால் சில பெட்டிகளில் 1/24 என்றும் சிலவற்றில் 1/25 என்றும் போட்டிருக்கிறது. இரண்டையும் கலந்து பயன்படுத்தலாமா? புதிதாகத் தொடங்குபவர் எதை வாங்க வேண்டும்?
(வாசகர், சேலம்)

பதில்: 1/24 என்றால் உண்மை லாரியில் 24 மில்லிமீட்டர் இருப்பது மாதிரியில் 1 மில்லிமீட்டராக இருக்கும். இந்த அளவில் ஓர் அடி சரியாக அரை அங்குலமாகிவிடுவதால் மனக்கணக்குக்கு மிகவும் வசதி. இத்தாலியின் இத்தாலேரி போன்ற ஐரோப்பிய நிறுவனங்கள் ஸ்கேனியா, வால்வோ முதலிய லாரிகளை இந்த அளவில்தான் தருகின்றன. 1/25 அமெரிக்க வழக்கம். அங்கே கார் விற்பனையாளர்களுக்காகச் செய்யப்பட்ட விளம்பர மாதிரிகளிலிருந்து வளர்ந்த ஏ.எம்.டி. நிறுவனம், பீட்டர்பில்ட், கென்வொர்த் போன்ற நீள்மூக்கு லாரிகளையும் அதே அளவில் வெளியிட்டது.

இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 4 விழுக்காடுதான். எஞ்சின், டீசல் டேங்க், டூல்பாக்ஸ், அச்சு போன்றவற்றைத் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம்; யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கேபினையும் டயரையும் மட்டும் கலக்காதீர்கள். முன்சக்கரம் ஒரு பெட்டியிலிருந்தும் பின்சக்கரம் இன்னொன்றிலிருந்தும் வந்தால், காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று பார்ப்பவர் கண் சொல்லிவிடும். தொடங்குபவர் தனக்குப் பிடித்த லாரியை வாங்கினால் போதும். பாதியில் கைவிடாமல் முடிக்க வைப்பது அந்த விருப்பம்தான்.

கேள்வி: என் தந்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிய பத்துச் சக்கர லாரியை 1/24 அளவில் செய்து அவருக்குத் தர விரும்புகிறேன். நாமக்கல்லில் பாடி கட்டிய வண்டி அது. விற்று வெகுநாளாகிவிட்டது, பழைய புகைப்படங்கள் சில மட்டுமே இருக்கின்றன. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் வெளிநாட்டு லாரிகளே. இது நடக்கக்கூடிய காரியமா?
(வாசகர், இராசிபுரம்)

பதில்: நடக்கும். ஆனால், பெட்டியில் இருப்பதை அப்படியே ஒட்டி முடிப்பதைவிட இதில் பிழைக்கு இடம் அதிகம். ஏனென்றால் ஒவ்வொரு பலகையையும் நீங்களே அளந்து வெட்டப்போகிறீர்கள். வெளிநாட்டு கிட் ஒன்றை வாங்கி, அதிலிருந்து சேஸிஸ் என்னும் அடிச்சட்டம், அச்சுகள், பட்டைச் சுருள்கள் (லீஃப் ஸ்பிரிங்), சக்கரங்கள் ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கேபினும் பாடியும் உங்கள் கைவேலை. உண்மையிலும் வழக்கம் இதுதானே? முகப்பும் எஞ்சினும் மட்டும் கொண்ட சேஸிஸாகத் தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டிக்குக் கேபினும் பாடியும் நாமக்கல் பட்டறையில்தான் கட்டப்பட்டன. அதனால் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. உங்கள் தந்தையின் வண்டிக்கென்று இருந்த அளவைத்தான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

புகைப்படத்திலிருந்து அளவெடுக்க ஒரு வழி உண்டு. அந்நாளைய லாரிகளில் மிகப் பரவலாக இருந்த 10.00-20 டயரின் விட்டம் சுமார் 105 செ.மீ. வண்டியைப் பக்கவாட்டில் நேராக எடுத்த படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் டயரின் விட்டத்தை அளந்து பாருங்கள். அது 21 மி.மீ. வந்தால், படத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் உண்மையில் 50 மில்லிமீட்டர் என்று பொருள். பக்கப்பலகை படத்தில் 110 மி.மீ. இருந்தால் உண்மை நீளம் 5.5 மீட்டர், அதை 24 ஆல் வகுத்தால் மாதிரியின் நீளம் 229 மி.மீ. என்று கிடைத்துவிடும். டயரைக் குறுக்காக அளந்துகொள்ளுங்கள்; மேலிருந்து கீழாக அளந்தால், பாரத்தில் அடிப்பக்கம் அமுங்கியிருப்பதால் விட்டம் குறைந்து, அதை வைத்துக் கணக்கிடும் மற்ற அளவுகள் கூடிவிடும். படமெடுத்தவர் முன்பக்கம் நெருங்கி நின்றிருந்தால் முன்பகுதி பெரிதாகத் தெரியும் என்பதால், கேபின் அளவுகளுக்கு முன் டயரையும் பாடி அளவுகளுக்குப் பின் டயரையும் அளவுகோலாகக் கொள்வது நல்லது. நம் நாட்டு விதிப்படி லாரியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. மாதிரியில் அது 108 மி.மீ. உங்கள் கணக்கு அதற்கு மேல் போனால் எங்கோ பிழை இருக்கிறது.

ஐரோப்பிய கிட்டுகள் பெரும்பாலும் டிரெய்லரை இழுக்கும் குட்டை வண்டிகள். ஆகவே சேஸிஸை வெட்டி நீட்ட வேண்டியிருக்கும். இரண்டு நீளச் சட்டங்களையும் ஒரே இடத்தில் வெட்டாதீர்கள்; இடப்பக்கம் ஓரிடத்திலும் வலப்பக்கம் இரண்டு செ.மீ. தள்ளியும் வெட்டி, இணைப்பின் உட்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டையை நீளமாக ஒட்டினால் பாரம் ஏறினாலும் நடுவில் தொய்யாது. இன்னொன்று, இந்த கிட்டுகளில் ஸ்டீயரிங் பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும். டேஷ்போர்டை நடுவில் அறுத்து இடம் மாற்றுவதோடு, பெடல்களையும் ஸ்டீயரிங் பெட்டியையும் வலப்பக்கத்துக்குக் கொண்டுவர மறந்துவிடாதீர்கள். உங்கள் தந்தை முதலில் பார்க்கப்போகும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

கேபினை 1 மி.மீ. கனமுள்ள பிளாஸ்டிக் தகட்டில் வெட்டலாம். பாடிப் பலகைக்குப் பலரும் ஐஸ்கிரீம் குச்சியைத் தேடுகிறார்கள். அதன் கனம் சுமார் 2 மி.மீ.; 24 ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 5 செ.மீ. கனமுள்ள பலகையாகிவிடும்! லாரியில் அவ்வளவு கனமாகப் பலகை அடிக்க எந்த ஆசாரியும் சம்மதிக்க மாட்டார். பிளைவுட் கடையில் கிடைக்கும் மெல்லிய வெனீர் துண்டுகளை இரண்டு அடுக்காக ஒட்டி, 6 மி.மீ. அகலப் பட்டைகளாக நறுக்கினால், ஓர் அங்குலக் கனமும் ஆறங்குல அகலமும் கொண்ட பலகையின் தோற்றம் வந்துவிடும்.

தார்ப்பாய்க்குத் துணி வேண்டாம். எவ்வளவு மெல்லிய துணியானாலும் அதன் நெசவு 24 மடங்கு பெரிதாகி, சாக்குப்பையைப்போல் தோன்றும். டிஷ்யூ தாளைத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து, சரக்கின்மேல் போர்த்தி, ஈரமாக இருக்கும்போதே நூலால் இழுத்துக் கட்டுங்கள். காய்ந்ததும் மடிப்புகள் அப்படியே இறுகி நிற்கும். நூலின் கனம் 0.8 மி.மீ. இருந்தால் 2 செ.மீ. கயிற்றுக்குச் சமம். கயிறு எந்தக் கொக்கியில் தொடங்கி எப்படிக் குறுக்கே போய் எங்கே முடிச்சாகிறது என்பதை உங்கள் தந்தையிடமே கேளுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டாலும் பரவாயில்லை.

நம்பர் பிளேட்டில் மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்துகள். பின்புற வாசகங்களைக் கணினியில் அமைத்து, நீரில் நனைத்து ஒட்டும் டீகால் தாளில் அச்சிடலாம். ஆனால் வீட்டு அச்சுப்பொறியில் வெள்ளை மை கிடையாது. ஆகவே வெள்ளை எழுத்து வேண்டுமென்றால், வெள்ளை டீகால் தாளில் எழுத்தைச் சுற்றியுள்ள பகுதியைப் பாடியின் நிறத்தில் அச்சிட வேண்டும். இங்க்ஜெட் மை நீரில் கரையும் என்பதால், அச்சிட்ட தாளின்மேல் தெளிவான வார்னிஷை இரண்டு முறை பூசி உலர்த்திய பிறகே நனைக்க வேண்டும்.

கேள்வி: கண்ணாடிகளை ஒட்டிய மறுநாள் அவற்றில் வெண்புகை படிந்ததுபோல் ஆகிவிட்டது. துடைத்தாலும் போகவில்லை.
(வாசகர், மதுரை)

பதில்: நீங்கள் சூப்பர் குளூ என்னும் சயனோஅக்ரிலேட் பசையைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். அதன் ஆவி அருகிலுள்ள பரப்பில் படிந்து வெள்ளையாக இறுகிவிடுகிறது. நானும் மூன்று வாரம் உழைத்த ஒரு கேபினை இப்படித்தான் கெடுத்தேன். அதன்பின் கண்ணாடிக்கு வெள்ளைப் பசையைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. அது காய்ந்தால் நிறமற்றதாகிவிடும். வழிந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். படிந்த புகையை மிக நுண்ணிய உப்புத்தாளாலும், பிறகு பாலிஷாலும் தேய்த்துப் பாருங்கள்.

மற்ற பாகங்களுக்குப் பிளாஸ்டிக் சிமென்ட்தான் சிறந்தது. அது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கின் பரப்பைக் கரைத்து இரண்டு துண்டுகளையும் ஒன்றாக உருக்கிச் சேர்க்கிறது. பெயின்ட் அல்லது குரோம் பூச்சின்மேல் அது பிடிக்காது. ஒட்டும் இடத்தைச் சுரண்டிய பிறகே தடவ வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐப்பசி மழைக்காலத்தில் ஸ்பிரே பெயின்ட் அடித்தேன். பளபளப்பான நீலம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிட்டது. பெயின்ட் கெட்டுப்போனதா?
(வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: பெயின்ட் நன்றாகவே இருக்கிறது, காற்றில்தான் ஈரம் அதிகம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் நுண்துளிகளாகப் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. வெயில் காயும் நாளில் அதன்மேல் மிக மெல்லியதாக இன்னொரு பூச்சு அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அடைமழை மாதங்களில் வெட்டும் வேலையையும் ஒட்டும் வேலையையும் வைத்துக்கொண்டு, வண்ண வேலையைத் தைக்குப் பிறகு எடுங்கள். கார்களுக்கான ஸ்பிரேயைப் பயன்படுத்தினால், பிரைமர் அடிக்காத பிளாஸ்டிக்கின்மேல் நேரடியாக அடிக்காதீர்கள். அதன் தின்னர் பிளாஸ்டிக்கை அரித்து, நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும்.

கேள்வி: பழைய அமெரிக்க கிட் ஒன்று கிடைத்தது. டயர்கள் பட்ட இடமெல்லாம் பிளாஸ்டிக் உருகியிருக்கிறது. குரோம் பாகங்களும் மங்கிவிட்டன. தேறுமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: தேறும். பழைய வினைல் டயர்களில் மென்மைக்காகச் சேர்த்த பொருள் மெல்லக் கசிந்து, தொட்ட பாலிஸ்டைரீனைக் கரைக்கிறது. டயர்களைத் தனிப் பையில் போட்டுவிட்டு, பள்ளங்களைப் புட்டி (putty) என்னும் நிரப்புப் பசையால் நிரப்பித் தேயுங்கள். சக்கரத்தில் மாட்டும்போது இடையில் மெல்லிய அலுமினியத் தாளைச் சுற்றினால் மீண்டும் அது நேராது.

கிட்டிலுள்ள குரோம் என்பது உண்மையில் மெல்லிய அலுமினியப் படலம். வீட்டில் பயன்படுத்தும் பிளீச் கரைசலில் ஊறவைத்தால் அது கரைந்துவிடும். கையுறை அணியுங்கள். அந்தக் கரைசலோடு கழிப்பறை அமிலத்தையோ வேறெந்தத் துப்புரவுத் திரவத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள். அமிலம் சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும். அலுமினியம் போன பிறகும் அடியில் ஒரு வார்னிஷ் பூச்சு மிஞ்சும். அதைச் சுரண்டினாலே ஒட்டும் இடங்கள் நன்றாகப் பிடிக்கும்.

கேள்வி: முன்விளக்கும் பின்விளக்கும் எரிய வைக்க வேண்டும். எளிய வழி என்ன?
(வாசகர், திருச்சி)

பதில்: 9 வோல்ட் பேட்டரி, 3 மி.மீ. எல்.இ.டி.கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 680 ஓம் மின்தடை, இவை போதும். வெள்ளை எல்.இ.டி. சுமார் 3 வோல்ட்டையும் சிவப்பு சுமார் 2 வோல்ட்டையும் எடுத்துக்கொள்வதால், இந்த மின்தடையில் இரண்டும் 10 மில்லியாம்பியர் அளவில் அளவாக எரியும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மின்தடை போட்டால் சிவப்பு மட்டும் எரிந்து வெள்ளை மங்கிவிடும். கேபினின் உட்புறத்தில் முதலில் கறுப்புப் பெயின்ட் அடித்துவிடுங்கள். இல்லையென்றால் மெல்லிய பிளாஸ்டிக்கை ஊடுருவி முகப்பு முழுவதும் விளக்காகிவிடும்.

கேள்வி: லாரி புதிதாகத் தெரியாமல், ஓடிய வண்டிபோல் தெரிய வேண்டும். துரு வண்ணம் வாங்கி எல்லா இடத்திலும் பூசினேன். குப்பையில் கிடந்ததுபோல் ஆகிவிட்டது.
(வாசகர், தூத்துக்குடி)

பதில்: பிழைப்புக்கு ஓடும் லாரியில் துருவைவிடப் புழுதிதான் அதிகம். தினமும் தேய்ப்பு நடக்கும் இடத்தில் துரு தங்குவதில்லை. ஓட்டுநர் கால் வைத்து ஏறும் படியில் பெயின்ட் போய் இரும்பு பளபளக்கும். டீசல் டேங்க் மூடிக்குக் கீழே கறுப்பாக ஒரு வழிவு இருக்கும். சக்கரத்துக்குப் பின்னால் சேறு மேல்நோக்கித் தெறித்திருக்கும். வைப்பர் துடைத்த அரைவட்டத்துக்கு வெளியே கண்ணாடி மங்கியிருக்கும். ஓவிய சாக்கட்டியைப் பொடித்து உலர்ந்த தூரிகையால் தடவினால் இந்தப் புழுதி கிடைக்கும். எந்த ஊர்ச் சாலையில் ஓடிய வண்டி என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். செம்மண் நிறத்தையும் கரிசல் நிறத்தையும் ஒரே வண்டியில் கலந்தால் இரண்டுமே நம்பும்படி இராது. உங்கள் ஊர்த் துறைமுகச் சாலையில் நிலக்கரி இறக்கித் திரும்பும் லாரி ஒன்றை ஓரமாக நின்று பத்து நிமிடம் பாருங்கள். கறுப்புப் பொடி பாடியின் விளிம்பிலும் பலகை இடுக்குகளிலும் அடர்ந்து, கேபின் பக்கம் வரவரக் குறைந்து போவதைக் குறித்துக்கொண்டு வந்து, முதலில் பழைய பலகைத் துண்டு ஒன்றில் செய்து பாருங்கள்.