சலிபா ஆர்சனலுக்கு வந்தது 2019-ஆ, 2022-ஆ?

வினாடி வினாவுக்காக நீங்கள் பார்த்த ஒரு பட்டியலில் 2019, இன்னொன்றில் 2022 என்று இருக்கிறது, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரி. பிரெஞ்சு கால்பந்துத் தடுப்பாட்டக்காரர் வில்லியம் சலிபாவை இங்கிலாந்து கிளப்பான ஆர்சனல் வாங்கியது 2019 ஜூலையில். அந்த அணிக்காக முதல் லீக் ஆட்டம் ஆடியது 2022 ஆகஸ்ட் 5, கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக. உங்கள் வினாடி வினாவில் "அறிமுகம்" என்றுதான் கேள்வி என்றால் 2022 என்றே போடுங்கள்.

உங்களிடம் உள்ள இரண்டு பட்டியலும் முட்டிக்கொள்வதற்கு லோன்தான், அதாவது வீரரைத் தற்காலிகமாக வேறு கிளப்புக்கு ஆட அனுப்புவதுதான், காரணமாக இருக்கும். 18 வயதில் வாங்கிய கையோடு பழைய கிளப்பான பிரான்ஸின் செயின்ட் எட்டியனுக்கே திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் 2021 ஜனவரியில் நீஸ், அடுத்த சீசன் முழுக்க மார்செய், இரண்டுமே பிரெஞ்சு கிளப்கள்தான். அந்த வருடங்களை வீண் என்று எழுதிவிடாதீர்கள். மார்செயில் ஆடிய சீசனில்தான் பிரெஞ்சு லீக்கின் சிறந்த இளம் வீரர் விருதும், பிரான்ஸ் அணியில் இடமும் கிடைத்தன.

சரிபார்க்க: சீசன் வாரியான அட்டவணையில் ஆண்டைப் பார்க்காமல், அந்த வரிசையில் எந்த கிளப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். 2022-23க்கு முன் ஆர்சனல் என்று இருந்தால், அது 21 வயதுக்குட்பட்ட அணிக்கு ஆடியதாக இருக்கலாம். மூத்த அணிக் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது.

இன்னொரு கேள்வி வேண்டுமா? இரண்டாவது லீக் ஆட்டத்தில், லெஸ்டருக்கு எதிராக, தலையால் முட்டி சேம் சைடு கோல் போட்டுவிட்டார். அரங்கம் திட்டவில்லை, கைதட்டித் தேற்றியது. அடுத்த ஆட்டத்தில் போர்ன்மவுத் வலைக்குள் இடது காலால் வளைத்து அடித்தார் பாருங்கள், அதுதான் ஆர்சனலுக்காக அவருடைய முதல் கோல்.