வயல்வாரிக் கணக்கு இல்லாமல் குத்தகைக்கு இறங்கலாமா?

கேள்வி: மன்னார்குடி அருகே என் பெயரில் 4 ஏக்கர் நஞ்சையும், வரப்போரத்தில் கொஞ்சம் தென்னையும், இரண்டு கறவை மாடுகளும் உள்ளன. நான் தனியார் நிறுவனத்தில் மாதச் சம்பளம் வாங்குகிறேன். சாகுபடியை அப்பாவும் நானும் கவனிக்கிறோம். வரவு செலவை அப்பா நோட்டில் எழுதுகிறார். கிசான் கிரெடிட் கார்டில் 2 லட்சம் ரூபாய் பயிர்க்கடன் இருக்கிறது. கணக்கைக் கணினிக்கு மாற்ற, ஆண்டுக்கு 6,000 ரூபாய் சந்தாவில் ஒரு மென்பொருள் வாங்கலாமா? பக்கத்தில் 3 ஏக்கர் குத்தகைக்கு வருகிறது, எடுத்தால் கட்டுப்படியாகுமா?

பதில்: மென்பொருள் இப்போது வேண்டாம். உங்கள் அளவுக்கு எக்செல் போதும். அதுவும் இல்லையென்றால் லிப்ரே ஆபிஸ் கால்க் இலவசமாகவே கிடைக்கிறது. குத்தகை பற்றிய முடிவை இன்னும் ஒரு பட்டம் (சாகுபடிப் பருவம்) தள்ளிப்போடுங்கள். அந்த முடிவுக்குத் தேவையான விவரம் உங்கள் அப்பாவின் நோட்டில் பெரும்பாலும் இருக்காது என்பதே காரணம். அவர் தேதியும் தொகையும் எழுதியிருப்பார். எந்த வயலுக்கு என்பது அவர் மனதில்தான் இருக்கும்.

ஒவ்வொரு வரவுக்கும் செலவுக்கும் ஒரு வரி என்ற கணக்கில், தேதி, வயல், பட்டம், இனம் (வரவு செலவின் வகை), அளவு, தொகை, குறிப்பு ஆகியவற்றை ஒரே தாளில் பதியுங்கள். வயலுக்கு நீங்கள் வழக்கமாகச் சொல்லும் பெயரையே வைத்துக்கொண்டு, அதற்குரிய புல எண்ணையும் (சர்வே எண்) உட்பிரிவையும் தனித்தாளில் ஒருமுறை குறித்துவிட்டால், அடங்கலோடு, அதாவது கிராம நிர்வாக அலுவலரின் பயிர்ப் பதிவேட்டோடு, ஒப்பிட வேண்டிய நாளில் தேடி அலைய வேண்டியிருக்காது. ஒருநாள் 'களையெடுப்பு' என்றும் மறுநாள் 'களை ஆள் கூலி' என்றும் எழுதினால் கணினி அவற்றை இரண்டு இனங்களாகவே கூட்டும். ஆகவே இனங்களின் பட்டியலை முதலிலேயே முடிவுசெய்து, அதிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி அமைத்துவிடுங்கள். நெல்லின் அளவை மூட்டையில் எழுதாதீர்கள். வியாபாரியிடம் 60 கிலோ மூட்டை, நேரடி கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம் என்று இருக்கும்போது, கிலோவில் எழுதினால்தான் மகசூலை ஒப்பிட முடியும்.

தாளில் வயல் என்ற அந்த ஒரு நெடுவரிசைக்காக நான் இவ்வளவு வற்புறுத்துவதன் காரணத்தை ஓர் உதாரணக் கணக்கால் சொல்கிறேன். ஒரு சம்பா பட்டத்தில் 4 ஏக்கரிலும் சேர்த்து 60,000 ரூபாய் மிஞ்சியதாக வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 15,000 கிடைக்கிறது, 10,000 ரூபாய் குத்தகை கொடுத்தாலும் 5,000 நிற்கும் என்று தோன்றும். அதே பணத்தை வயல்வாரியாகப் பிரித்துப் பார்க்கும்போது, வாய்க்கால் தலைப்பில் உள்ள 2 ஏக்கரில் 44,000, கடைமடையில், அதாவது வாய்க்காலின் கடைசியில், உள்ள 2 ஏக்கரில் 16,000 என்று வந்தால், கடைமடையில் ஏக்கருக்குக் கிடைத்தது 8,000 மட்டுமே. குத்தகைக்கு வரும் நிலமும் கடைமடையாக இருந்தால் ஏக்கருக்கு 2,000 ரூபாய் கைநட்டம். மொத்தக் கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இதைக் காட்டாது.

கையில் பணம் மாறாத இனங்களும் கணக்கில் வர வேண்டும். மாட்டுக்குப் போட்ட வைக்கோலை, அன்றைய விலைக்கு வயலின் வரவாகவும் மாட்டின் செலவாகவும் எழுதுங்கள். எழுதாவிட்டால் பால் அதிக லாபம் தருவதுபோலவும் வயல் குறைவாகத் தருவதுபோலவும் தெரியும். வீட்டுச் சாப்பாட்டுக்கு எடுத்த நெல்லுக்கும் இதே முறைதான். அப்பாவும் நீங்களும் வயலில் உழைத்த நாள்களை ஊர்க் கூலிக்கு மதிப்பிட்டுத் தனியே காட்டுங்கள். ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் மத்திய ஆணையமே குடும்ப உழைப்பைச் செலவில் சேர்த்துத்தான் கணக்கிடுகிறது. 3 ஏக்கர் கூடும்போது அந்த உழைப்பை யார் தருவார் என்பதையும் இந்த எண்ணை வைத்துத்தான் நீங்கள் பேச முடியும்.

கடன் அசலைக் கட்டுவது செலவு அல்ல, வட்டி மட்டுமே செலவு. 3 லட்சம் வரையிலான பயிர்க்கடனுக்கு 7 சதவீத வட்டியில், தவணை தவறாமல் கட்டுவோருக்கு 3 சதவீதம் சலுகை உண்டு. உங்கள் 2 லட்சத்துக்கு அது ஆண்டுக்கு 6,000 ரூபாய், அதாவது நீங்கள் கேட்ட மென்பொருளின் சந்தாத் தொகை. கெடு தேதியைத் தாளின் தலைப்பிலேயே தடித்த எழுத்தில் போட்டுவையுங்கள்.

நீங்கள் சம்பளக்காரர் என்பதால் வரியையும் சொல்ல வேண்டும். விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பது சரிதான். ஆனால் அது செலவு போக 5,000 ரூபாயைத் தாண்டி, உங்கள் மற்ற வருமானமும் விலக்கு வரம்பைத் தாண்டினால், இரண்டையும் சேர்த்துப் பார்த்தே வரி விகிதம் தீர்மானிக்கப்படும். பால் விற்ற பணம் விவசாய வருமானமாகவே கருதப்படாது. எனவே மாட்டையும் ஒரு 'வயல்' போலத் தனிப்பெயரில் வையுங்கள். பசலி ஆண்டு, அதாவது நிலவரிக் கணக்குக்கான வருவாய்த்துறை ஆண்டு, ஜூலை 1-லும் நிதியாண்டு ஏப்ரல் 1-லும் தொடங்குவதால், லாபத்தைப் பட்டம் வாரியாகவும் வரியைத் தேதி வாரியாகவும் பிரிக்க வேண்டியிருக்கும். அதனால் தேதியைக் கணினி தேதியாகவே ஏற்கும்படி பதியுங்கள்.

அப்பாவின் நோட்டை நிறுத்திவிடாதீர்கள். வரப்பில் நின்று எழுத அதுதான் வசதி. வாரம் ஒருமுறை அவரை அருகில் வைத்துக்கொண்டு நீங்கள் கணினியில் ஏற்றினால், எந்த வயலுக்கு என்ற விவரம் அவர் நினைவிலிருந்து நழுவுவதற்குள் பதிவாகிவிடும். உரக்கடை ரசீது, கொள்முதல் ரசீது ஆகியவற்றைப் படமெடுத்துச் சேர்ப்பதோடு அசலையும் கோப்பில் வையுங்கள். கோப்பின் நகல் ஒன்று பென்டிரைவிலும் ஒன்று மின்னஞ்சலிலும் இருக்கட்டும். சம்பா அறுவடை முடிந்ததும், குத்தகை நிலத்துக்குத் தண்ணீர் எந்த வாய்க்காலில் வருகிறது, வடிகால் எப்படி என்று நேரில் பார்த்து, உங்கள் வயல்களில் அதற்கு ஒத்த ஒன்றின் ஏக்கர்க் கணக்கை எடுத்துக்கொண்டு நிலக்காரரிடம் போங்கள். குடும்ப உழைப்பின் மதிப்பையும் கழித்த பிறகு மிஞ்சும் தொகைக்குள் குத்தகை அடங்கினால் எடுக்கலாம். அடங்காவிட்டால் குறைத்துக் கேளுங்கள், அல்லது அந்த நிலத்தை விட்டுவிடுங்கள்.