இன்டர்கூலரை எங்கே மாட்டுவது? கேள்வி பதில்

கேள்வி: முன் பம்பருக்குள் வைப்பதா, பானெட்டுக்கு அடியில் எஞ்சின் மேலேயே வைப்பதா?

டர்போ அழுத்தி அனுப்பும் சூடான காற்றை எஞ்சினுக்குள் போகும் முன் குளிர்விப்பதுதான் இன்டர்கூலர். அதன் இடத்தை முடிவு செய்யும் முன், காற்று எந்த வழியாக வருகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று பாருங்கள். 30 டிகிரி காற்றை 1 பார் பூஸ்ட்டுக்கு, அதாவது வெளிக்காற்றைவிட 1 பார் கூடுதல் அழுத்தத்துக்கு, அழுத்தினால், 70 சதவீதத் திறனுள்ள டர்போ கம்ப்ரஸரிலிருந்து அது 120 டிகிரியைத் தாண்டி வெளிவரும். அதை 50 டிகிரிக்கு இறக்கினால் அதே அழுத்தத்தில் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு கூடும். நாக்கிங், அதாவது எரிபொருள் தாறுமாறாக வெடித்து எஞ்சின் தட்டும் அபாயமும் குறையும்.

தினசரி ஓட்டும் காருக்கு என் தேர்வு முன்பக்கம்தான். எஞ்சின் மேல் வைத்தால் குழாய் குட்டையாக முடியும், அது நல்ல விஷயம். ஆனால் நெரிசலில் ஐந்து நிமிடம் நின்றாலே கீழிருந்து ஏறும் சூட்டில் கோர், அதாவது காற்று குளிரும் இன்டர்கூலரின் நடுப்பகுதி, ஊறிவிடும். சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸின் பானெட்டில் துருத்திக்கொண்டிருக்கும் ஸ்கூப் அந்தக் கோருக்குக் காற்று பிடிக்கத்தான்; கார் ஓடினால்தான் அதற்கு வேலை.

கேள்வி: முன்னால் கொண்டுபோனால் குழாய் நீளும். லேக், அதாவது மிதித்தபின் பூஸ்ட் வரும் தாமதம், அதிகமாகாதா அண்ணா?

கூடும், ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. 2 லிட்டர் எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் பூஸ்ட் இல்லாமலே நொடிக்கு 50 லிட்டர் அளவு காற்றை இழுக்கிறது. நீங்கள் கூடுதலாகச் சேர்ப்பது 5 லிட்டர் கொள்ளளவு என்றால், அது நிரம்ப ஒரு நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு போதும். தேவைக்கு மேல் பெருத்த குழாயும் கூர்மையான வளைவுகளும்தான் கெடுக்கும். இந்த அளவு எஞ்சினுக்கு 50 முதல் 63 மி.மீ. விட்டம் தாராளம்.

கேள்வி: முன்னால் மாட்டியபின் ஏசி போட்டால் ரேடியேட்டர் சூடு ஏறுகிறது. கோர் பெரிதாகிவிட்டதா?

கோரைக் குறை சொல்லும் முன் ஓரங்களைப் பாருங்கள். முன்னாலிருந்து இன்டர்கூலர், ஏசி கண்டென்ஸர், ரேடியேட்டர் என்ற வரிசை சரிதான். ஆனால் காற்று சோம்பேறி. கோரின் மெல்லிய தகடுகளான ஃபின்களுக்குள் நுழைவதைவிடப் பக்கத்து இடுக்கில் நழுவிப்போவது அதற்குச் சுலபம். பம்பர் வாயிலிருந்து கோர் வரை மெல்லிய அலுமினியத் தகட்டாலோ பிளாஸ்டிக்காலோ நான்கு பக்கமும் அடையுங்கள். தகடு தொடும் ஓரத்தில் ஃபோம் பட்டை ஒட்டுங்கள். கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே உள்ள ஓர இடுக்கையும் மூட வேண்டும். அதை விட்டுவிட்டால், நிற்கும்போது ரேடியேட்டர் கக்கிய சூடான காற்றே சுற்றிக்கொண்டு மறுபடி முன்னால் வரும்.

பம்பரின் திறப்பு கோர் முகப்பளவு பெரிதாக இருக்கத் தேவையில்லை. தகட்டால் அடைத்த அந்தக் காற்றுவழி (டக்ட்) ஒழுங்காக அடைபட்டு, மெல்ல விரிந்து வந்தால், முகப்புப் பரப்பில் கால் பங்குத் திறப்பே போதும். எஞ்சினுக்கு அடியில் இருந்த கவசத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தால் திரும்ப மாட்டுங்கள். அது இல்லாவிட்டால் ரேடியேட்டருக்குப் பின்னால் அழுத்தம் ஏறி, முன்னாலிருந்து வரும் காற்றைத் தடுக்கும்.

அப்படியும் சூடு இறங்கவில்லை என்றால் கோரின் தடிமனைக் குறையுங்கள். தடித்த கோரைவிட அகலமான, மெல்லிய கோர் பின்னால் இருப்பவற்றுக்கு அதிகக் காற்று விடும்.

கேள்வி: இடம் போதவில்லை. பம்பருக்குள் இருக்கும் இரும்பு பீமை வெட்டலாமா?

கூடாது. மோதலில் உங்களைக் காக்கும் பாகம் அது. பீமுக்குக் கீழே அடங்கும் கோரைத் தேடுங்கள்.

கேள்வி: மட்கார்டுக்குள், சக்கரத்துக்கு முன்னால் வைத்தால்?

குழாய் குட்டையாகும், ரேடியேட்டருக்கும் தொந்தரவு இல்லை. ஆனால் கோர் சிறிதாகத்தான் அடங்கும். பலர் தவறவிடுவது காற்று வெளியேறும் வழியை: சக்கர உறையில் கோருக்கு நேர் பின்னால் துளைகள் வெட்டாவிட்டால் காற்று அங்கேயே முட்டி நின்றுவிடும்.

கேள்வி: மூன்றாவது கியரில் முழுசாக மிதித்தால் ஹோஸ் கழன்றுவிடுகிறது. கிளாம்ப்பை இன்னும் முறுக்கவா?

முறுக்கினால் சிலிக்கோன் ஹோஸ் வெட்டுப்படும். குழாய் முனையை விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால், ஒன்று முனையில் பீடிங் இல்லை, அதாவது விளிம்பைச் சுற்றி மேடு எழுப்பவில்லை. அல்லது எண்ணெய்ப் படலம் இருக்கிறது. பீடிங் போட்டு, துடைத்துக் காயவைத்து, டி-போல்ட் கிளாம்ப்பை மேட்டுக்கு உட்புறமாக வைத்து இறுக்குங்கள். கோர் பாடியில் நிற்கிறது, எஞ்சினோ ஆடுகிறது. இரண்டுக்கும் நடுவே வளையக்கூடிய ஹோஸ் இருந்தாக வேண்டும்; கோரையும் ரப்பர் புஷ் வைத்தே மாட்டுங்கள். நேரடியாக போல்ட் அடித்தால் டேங்க் வெல்டிங் விரியும்.

கேள்வி: கழற்றியபோது உள்ளே எண்ணெய் இருந்தது. டர்போ போச்சா?

மெல்லிய படலம் சகஜம். எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸின் மூச்சுக்குழாய் வழியாக வருவது. கவிழ்த்தால் குட்டையாகத் தேங்கும் அளவு என்றால் அந்த மூச்சுக்குழாய் அடைப்பையும் டர்போ ஷாஃப்ட் ஆட்டத்தையும் பாருங்கள்.

கேள்வி: வேலை முடிந்ததும் கசிவை எப்படிச் சோதிப்பது?

டர்போ வெளிவாய் ஹோஸிலும் எஞ்சினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் பக்க ஹோஸிலும் அடைப்பான் வைத்து கிளாம்ப் போடுங்கள். ரெகுலேட்டர் வழியாக மெதுவாகக் காற்று ஏற்றுங்கள். கார் ஓடும் பூஸ்ட்டைத் தாண்ட வேண்டாம். அடைப்பானுக்கு எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வரும் இடமே கசிவு.